அமெரிக்காவில் வாடகை விமானத்தை வயலில் இறக்க நேர்ந்தால்: எதை, எந்த வரிசையில் செய்வது

வாடகைக்கு எடுத்த செஸ்னா 172N-ல் சான் ஹோசே திரும்பிக்கொண்டிருந்தபோது, ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு போய்விட்டது. கலிஃபோர்னியாவின் சென்ட்ரல் வேலியில், ட்ரேசிக்குக் கிழக்கே, அறுப்பு முடிந்திருந்த குதிரைமசால் வயல் ஒன்றில் இறங்கினோம். எனக்கும் உடன் வந்த நண்பருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இறங்கும் விதத்தை இன்ஸ்ட்ரக்டர் நன்றாகவே பழக்கியிருந்தார். இறங்கியபின் யாருக்கு முதலில் போன் செய்வது, எந்தப் படிவத்துக்கு எத்தனை நாள் கெடு, எந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதெல்லாம் எந்த வகுப்பிலும் வரவில்லை. அலைந்து திரிந்துதான் தெரிந்துகொண்டேன். வார இறுதிகளில் பறக்கப் பழகும் நம்மவர்களும், சென்னையிலிருந்து எம்-1 விசாவில் பைலட் படிப்புக்கு வரும் தம்பி தங்கைகளும் அந்த அலைச்சல் படக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குப் பறக்கும் ஒற்றை எஞ்சின் விமானத்துக்கான விதிகள். நான் வழக்கறிஞர் அல்ல. சிக்கல் பெரிதென்றால் விமானச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்.

1. பறக்கும் முன்பே கையில் இருக்க வேண்டியவை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். விமானம் தரையில் கிடக்கும்போது இதில் எதையும் புதிதாக வாங்க முடியாது.

முதலில் ஃபிளைட் ஸ்கூலோடு போட்ட வாடகை ஒப்பந்தம். கையெழுத்துப் போட்ட அன்றைக்குப் பிறகு பெரும்பாலோர் அதைத் திறப்பதே இல்லை. மூன்று விஷயங்களை அதில் தேடுங்கள். விமானம் சேதமானால் நீங்கள் கட்ட வேண்டிய டிடக்டபிள் எவ்வளவு? ரிப்பேர் நடக்கும் நாட்களில் ஸ்கூலுக்குப் போகும் வருமானத்தை உங்களிடம் கேட்க முடியுமா? மூன்றாவதுதான் பெரிய பொறி. ஸ்கூலின் இன்சூரன்ஸ் கம்பெனி ஸ்கூலுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதே தொகையை உங்களிடம் வசூலிக்க வர முடியுமா? "நாங்கள் முழுக்க இன்சூர் செய்திருக்கிறோம்" என்று வரவேற்பில் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் இன்சூர் ஆகியிருப்பது ஸ்கூல், நீங்கள் அல்ல. வாடகைக்கு எடுப்பவரை இப்படித் துரத்தும் உரிமையைக் கம்பெனி விட்டுக்கொடுத்திருக்கிறது என்று எழுத்தில் இருந்தால் மட்டும் நம்புங்கள்.

அடுத்தது ரென்டர்ஸ் இன்சூரன்ஸ், அதாவது விமானத்தை வாடகைக்கு எடுப்பவர் தனக்காக வாங்குவது. இதில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று, மற்றவருக்கும் மற்றவர் சொத்துக்கும் நேரும் சேதத்துக்கு. இன்னொன்று, நீங்கள் ஓட்டிய வாடகை விமானத்துக்கு நேரும் சேதத்துக்கு. விலை குறைவு என்று முதல் பகுதியை மட்டும் வாங்கிவிட்டு, விமானத்துக்கும் சேர்த்து வாங்கிவிட்டதாக நினைப்பவர்கள் நிறைய. இரண்டாவது பகுதியின் தொகை டிடக்டபிளையாவது தாண்ட வேண்டும். ஸ்கூலின் கம்பெனி உங்களைத் துரத்தலாம் என்றால் விமானத்தின் மதிப்பை நெருங்க வேண்டும். அடிப்படைப் பாலிசி ஆண்டுக்குச் சில நூறு டாலர். தொகை கூடக் கூட ஏறும்.

சட்ட உதவித் திட்டம் ஒன்றிலும் சேர்ந்துவிடுங்கள். ஏ.ஓ.பி.ஏ. போன்ற பைலட் அமைப்புகள் நடத்துகின்றன. சம்பவம் நடந்தபின் சேர்ந்தால் அந்தச் சம்பவத்துக்கு உதவி கிடைக்காது.

எம்-1 விசாவில் வரும் மாணவர்கள் தங்கள் மருத்துவ, ஆயுள் காப்பீட்டுப் பாலிசிகளில் விலக்குகள் என்ற பக்கத்தைப் படியுங்கள். பயணியாகப் பறந்தால் கவர் உண்டு, பைலட்டாகப் பறந்தால் இல்லை என்று எழுதியிருக்கும் பாலிசிகள் உண்டு.

அப்புறம் போனில் சில படங்கள்: பைலட் சர்டிஃபிகேட், மெடிக்கல் (உடற்தகுதிச் சான்று), கடந்த 24 மாதத்துக்குள் செய்த ஃபிளைட் ரிவ்யூ பக்கம், பயணியை ஏற்றிச் செல்ல 90 நாளுக்குள் செய்த மூன்று டேக்-ஆஃப், லேண்டிங் பதிவுகள். அன்றன்றைக்கு விமானத்தை எடுக்கும்போது, ஆண்டு இன்ஸ்பெக்‌ஷனும் 100 மணி நேர இன்ஸ்பெக்‌ஷனும் எப்போது முடிகின்றன என்று காட்டும் தாளையும் ஒரு படம் எடுங்கள். பிற்பாடு இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்விகள் இவைதான். பதில் அப்போதே கையில் இருந்தால் பாதிச் சந்தேகம் அடங்கிவிடும்.

2. வானில்: முதலில் வேகம், அப்புறம் வயல்

இதை இன்ஸ்ட்ரக்டரிடம்தான் கற்க வேண்டும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். எஞ்சின் இல்லாமல் மிதந்து இறங்கும் சறுக்கு வேகம் 172N-ல் 65 நாட், 172S-ல் 68. காற்றில்லாவிட்டால் 1,000 அடி உயரத்துக்குச் சுமார் ஒன்றரை நாட்டிகல் மைல் போகும். 3,000 அடியில் இருந்தால் உங்களுக்கு நாலு நிமிடம் போல இருக்கிறது. மூக்கை அந்த வேகத்துக்கு வைத்து ட்ரிம் செய்துவிட்டு, வயலைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன்பிறகு ஃப்யூவல் செலக்டர், மிக்சர் (எரிபொருள்-காற்றுக் கலவை), கார்ப் ஹீட் (கார்புரேட்டருக்குச் சூடான காற்று), மேக்னெட்டோ (பற்றவைக்கும் மின்சாரம்) என்று கை போகட்டும்.

கார்ப் ஹீட்டை இழுத்ததும் எஞ்சின் இன்னும் மோசமாகக் குலுங்கலாம். பனி உருகி உள்ளே போவதால் அப்படி ஆகும். பயந்து திரும்ப உள்ளே தள்ளிவிடாதீர்கள். கார்புரேட்டர் பனி குளிர்காலச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். காற்றில் ஈரம் இருந்தால் 38 டிகிரி செல்சியஸ் வெயிலிலும் உருவாகலாம்.

முழுதாக நின்றுபோன எஞ்சினைவிடப் பாதி ஓடும் எஞ்சின்தான் ஆளை ஏமாற்றும். "இன்னும் கொஞ்சம் இழுத்தால் ஏர்போர்ட் வந்துவிடும்" என்று நல்ல வயல்களையெல்லாம் தாண்டிப் போகத் தோன்றும். பவர் குறைந்த நிமிடமே எஞ்சின் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு, கையெட்டும் வயலை விடாமல் பறந்து செல்லுங்கள்.

சென்ட்ரல் வேலியில் மேலிருந்து எல்லாம் தட்டையாகத் தெரியும். கீழே போனால்தான் திராட்சைத் தோட்டத்துக் கம்பங்களும் கம்பிகளும், பாதாம் மரங்களும், வாய்க்கால்களும் கண்ணில் படும். மின்கம்பி தெரியாது, கம்பத்தைத் தேடுங்கள். குதிரைமசால் வயலில் நீர் பாய்ச்ச நீளவாக்கில் தாழ்ந்த வரப்புகள் போட்டிருப்பார்கள். வரப்போடு இணையாக இறங்க வேண்டும், குறுக்கே கூடாது. நெடுஞ்சாலை ஆசை காட்டும். மேம்பாலம், கம்பி, கார்களில் இருக்கும் குடும்பங்கள் மூன்றையும் நினைத்துப் பாருங்கள்.

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரான ஏ.டி.சி.யோடு பேசிக்கொண்டிருந்தால் அதே அலைவரிசையில் மேடே என்ற அபாய அழைப்பைச் சொல்லுங்கள். இல்லையென்றால் அவசர அலைவரிசையான 121.5, ரேடாருக்கு உங்களைக் காட்டும் ட்ரான்ஸ்பாண்டரில் அவசரக் குறியீடான 7700. வயல் உறுதியானதும் மிக்சர், ஃப்யூவல், இக்னிஷன் மூன்றையும் அடைத்து, ஃபிளாப் முழுதாக இறக்கி, மாஸ்டரை அணைத்து, தரை தொடும் முன் கதவின் தாழ்ப்பாளைத் திறந்துவிடுங்கள். சட்டகம் நெளிந்தால் கதவு சிக்கிக்கொள்ளும். எதிர்காற்றில், முடிந்த அளவு மெதுவாகத் தரை தொடுவதுதான் உயிர் காப்பது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் பயிற்சிக் கையேடு ஒரு கணக்குச் சொல்கிறது: உள்ளே இருப்பவரைக் காக்கும்படி சிறிய விமானங்கள் வடிவமைக்கப்பட்டிருக்கும் 9 ஜி (புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்கு) அளவில் நிற்க, மணிக்கு 50 மைல் வேகத்தில் 9.4 அடி போதும். 100 மைலில் 37.6 அடி வேண்டும்.

3. தரையில் முதல் பத்து நிமிடம்

எல்லோரும் இறங்கி, காற்று வரும் பக்கமாகத் தள்ளிப் போய் நில்லுங்கள். எரிபொருள் வாசனை அடித்தால் பையை எடுக்கக்கூடத் திரும்பிப் போகாதீர்கள்.

911-க்குப் போன் செய்து, சிறிய விமானம், இத்தனை பேர், காயம் உண்டா இல்லையா, தீ இல்லை, இந்த இடம் என்று சொல்லுங்கள். வயலுக்கு முகவரி கிடையாது. ஐபேடில் உள்ள ஃபோர்ஃப்ளைட் வரைபடச் செயலி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையைப் படித்துக் காட்டுங்கள்.

அடுத்து, தேட ஆரம்பித்தவர்களை நிறுத்த வேண்டும். தரையிலிருந்து ரேடியோ பெரும்பாலும் எட்டாது. பைலட்டுகளுக்குத் தகவல் தரும் ஃபிளைட் சர்வீஸின் 1-800-992-7433 எண்ணில் பேசி, எல்லோரும் பத்திரம் என்று சொல்லி ஃபிளைட் பிளானை மூடுங்கள். ஏ.டி.சி.க்கும் தகவல் தரச் சொல்லுங்கள். வால் பக்கம் இருக்கும், அபாய சிக்னல் அனுப்பும் ஈ.எல்.டி. கருவி அதிர்ச்சியில் தானே இயங்கியிருக்கலாம். உதவி வந்து, தேவை தீர்ந்தபின் அதை அணைத்து, அணைத்ததையும் சொல்லிவிடுங்கள்.

காயமில்லை என்று தோன்றினாலும் அன்றே ஒரு மருத்துவரைப் பாருங்கள். அன்றைய படபடப்பில் கழுத்து வலி தெரியாது.

4. படம் எடுங்கள், விமானத்தை நகர்த்தாதீர்கள்

பாதுகாப்பு உறுதியானபின் சுற்றி வந்து படம் எடுங்கள். சக்கரத் தடம் தொடங்கிய இடத்திலிருந்து விமானம் நின்ற இடம் வரை, ப்ரொப்பெல்லர், மூக்குச் சக்கரம், இறக்கை நுனிகள், கேபினுள் ஒவ்வொரு ஸ்விட்ச்சும் நாபும் இருக்கும் நிலை, எரிபொருள் அளவுமானி. ஐபேடில் பதிவான பறந்த தடம், எரிபொருள் போட்ட ரசீது, எடை கணக்குப் போட்ட தாள் எதையும் அழிக்காதீர்கள், எறியாதீர்கள்.

விவசாயி டிராக்டரைக் கொண்டுவந்து "ஓரமாக இழுத்து விடட்டுமா?" என்பார். நல்ல மனதோடுதான் கேட்பார். மரியாதையாக மறுத்துவிடுங்கள். ஏன் என்பது அடுத்ததில்.

5. சட்டப்படி இது விபத்தா, இல்லையா?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்.டி.எஸ்.பி.யின் விதித் தொகுப்பு 830-ன்படி, யாருக்காவது மரணமோ கடுங்காயமோ, அல்லது விமானத்துக்குக் கணிசமான சேதமோ நேர்ந்தால் அது விபத்து. 7 நாளுக்குள் தொடங்கி 48 மணி நேரத்துக்கு மேல் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தாலோ, எலும்பு முறிந்தாலோ கடுங்காயம். விரல், மூக்கு ஆகியவற்றில் சாதாரண முறிவு மட்டும் இதில் சேராது.

கணிசமான சேதம் என்பது விமானத்தின் உறுதியையோ பறக்கும் திறனையோ பாதித்து, பெரிய ரிப்பேர் தேவைப்படுத்தும் சேதம். எஞ்சின் ஒன்று மட்டும் கெட்டது, வளைந்த கவ்லிங் (எஞ்சின் மூடி), நசுங்கிய தகடு, தரையில் இடித்த ப்ரொப்பெல்லர், லேண்டிங் கியர், டயர், ஃபிளாப், பிரேக், இறக்கை நுனி இவை எதுவும் அதில் சேராது. அதாவது பிஸ்டன் எஞ்சின் நின்று, வயலில் இறங்கி, ப்ரொப்பெல்லர் வளைந்தாலும் அது விபத்து ஆகாமல் போகலாம். அப்படியானால் என்.டி.எஸ்.பி.க்கு நீங்களாகச் சொல்ல வேண்டிய கடமை பொதுவாக இல்லை. பறக்கும்போது தீப்பிடித்தது, கட்டுப்பாட்டுக் கருவிகள் வேலை செய்யாமல் போனது, தரையில் இடிக்காமலே ப்ரொப்பெல்லரின் துண்டு பறந்து போனது, பிறர் சொத்துக்கு 25,000 டாலருக்கு மேல் சேதம் போன்ற சில நிகழ்வுகளை மட்டும் விபத்தாக இல்லாவிட்டாலும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் வெளியிலிருந்து பார்த்து முடிவு கட்டிவிடாதீர்கள். எங்கள் மூக்குச் சக்கரம் வயலின் கடைசி வரப்பில் மோதி மடங்கியது. பார்த்தவர்கள் எல்லோரும் "சக்கரமும் ப்ரொப்பெல்லரும்தானே" என்றார்கள். 172-ல் மூக்குச் சக்கரம் பூட்டியிருப்பது ஃபயர்வாலில், அதாவது எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் தகட்டில். மெக்கானிக் கவ்லிங்கைக் கழற்றி டார்ச் அடித்தபோது, கீழ்ப்பக்கம் வலது மூலையில் அந்தத் தகடு இஸ்திரி மடிப்புப் போலச் சுருங்கியிருந்தது. நீளம் ஒரு சாண்கூட இருக்காது. அந்தச் சுருக்கத்தால் பட்டியலில் இருந்த சின்னச் சேதம் கணிசமான சேதம் ஆனது. அந்த நிமிடமே என்.டி.எஸ்.பி.யின் 24 மணி நேர எண்ணான 844-373-9922-க்குப் போன் செய்தோம். விதியில் இருக்கும் சொல் "உடனடியாக" என்பதுதான். நாளை என்று தள்ளிப்போட அதில் இடமில்லை.

ஆகவே, முடிந்தால் அன்றைக்கே ஒரு மெக்கானிக்கை வயலுக்கு வரவழையுங்கள். அதுவரை விமானம் அப்படியே இருக்கட்டும். விபத்து என்றால் வாரியம் விடுவிக்கும்வரை நகர்த்தக்கூடாது. ஆளை வெளியே எடுக்க, மேலும் சேதமாகாமல் காக்க, பொதுமக்களுக்கு ஆபத்து வராமல் தடுக்க மட்டும் நகர்த்தலாம். அப்போதும் முதலில் இருந்த நிலையைப் படமும் குறிப்புமாகப் பதிவு செய்யுங்கள்.

சொல்ல வேண்டியது யார்? விதி சொல்வது ஆபரேட்டர். அந்தச் சொல்லுக்குள் உரிமையாளரும் வருவார், விமானத்தை வாடகைக்கு எடுத்தவரும் வருவார். ஸ்கூல் சொல்லியிருக்கும் என்று நீங்களும், பைலட் சொல்லியிருப்பார் என்று ஸ்கூலும் இருந்துவிடாதீர்கள். விபத்து என்றால் 10 நாளுக்குள் 6120.1 படிவத்தையும் அனுப்ப வேண்டும். அனுப்பும் முன் வழக்கறிஞரும் இன்சூரன்ஸ்காரரும் ஒருமுறை பார்த்துவிடட்டும். நடந்ததை மட்டும் எழுதுங்கள், காரணத்தை ஊகிக்காதீர்கள். முதற்கட்ட அறிக்கை பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் வெளியாகும். இறுதி அறிக்கைக்கு ஓராண்டு, அதற்கு மேலும்கூட ஆகும்.

6. வருகிறவர்களிடம் பேசுவது

முதலில் போலீஸ் வருவார்கள், பிறகு எஃப்.ஏ.ஏ.வின் உள்ளூர் அலுவலக இன்ஸ்பெக்டர் வரலாம். சர்டிஃபிகேட், மெடிக்கல், அடையாள அட்டை கேட்டால் காட்டியே ஆக வேண்டும். காட்டுங்கள், பார்த்தபின் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களிடமே விட்டுவிட்டு வராதீர்கள். பிரதி கேட்டால் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம்.

என்ன நடந்தது என்ற கேள்விக்கு அங்கேயே, அந்தப் படபடப்பில் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. "ஒத்துழைக்கிறேன், வழக்கறிஞரிடம் பேசிவிட்டு எழுத்தில் தருகிறேன்" என்பது மரியாதையான, முழுமையான பதில். 2012-ல் வந்த பைலட் உரிமைச் சட்டப்படி, உங்கள் சர்டிஃபிகேட் தொடர்பான விசாரணை என்றால் எஃப்.ஏ.ஏ. அதை உங்களுக்கு அறிவிக்க வேண்டும். நீங்கள் சொல்வது உங்களுக்கு எதிராகப் பயன்படலாம் என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்தில், அதிகாரி முன்னால் நின்றதும் எல்லாவற்றையும் கொட்டிவிடத் தோன்றும், "தப்பு என்மேலதான் சார்" என்றுகூட வாயில் வந்துவிடும். எரிபொருள் குழாயா, வால்வா, பனியா என்று யாருக்கும் தெரியாத அந்த நேரத்தில் அப்படிச் சொல்வது உண்மையும் ஆகாது.

அவசரநிலையில் விதியை மீற பைலட்டுக்கு அதிகாரம் உண்டு. எஃப்.ஏ.ஏ. கேட்டால் அதை எழுத்தில் விளக்க வேண்டும். ஏ.டி.சி. உங்களுக்கு முன்னுரிமை தந்திருந்து, அதன் மேலாளர் அறிக்கை கேட்டால் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கேட்டால்தான்.

வயல்காரரிடம் முதலில் மன்னிப்பும் நன்றியும் சொல்லுங்கள். பயிர் சேதத்துக்கு இவ்வளவு தருகிறேன் என்று தொகை மட்டும் சொல்லாதீர்கள். இன்சூரன்ஸ் விவரத்தைக் கொடுங்கள். எரிபொருள் மண்ணில் ஊறியிருந்தால் அதை மறைக்காமல் அவரிடமும் தீயணைப்புப் படையிடமும் சொல்லுங்கள். டிவிக்காரர்களிடம் பேச வேண்டாம்.

7. நாசாவுக்கு எழுதும் முன் ஒரு நிமிடம்

விதிமீறல் ஏதும் நடந்திருக்கலாம் என்றால், நாசா நடத்தும் ஏ.எஸ்.ஆர்.எஸ். என்ற விமானப் பாதுகாப்பு அறிக்கைத் திட்டத்துக்கு 10 நாளுக்குள் அறிக்கை அனுப்பினால் அபராதம், சஸ்பென்ஷன் ஆகியவற்றிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கலாம். வேண்டுமென்றே செய்த மீறலுக்குக் கிடைக்காது. இலவசம். "உடனே நாசா ரிப்போர்ட் போடு" என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் விபத்து இந்தப் பாதுகாப்புக்கு வெளியே இருக்கிறது. விபத்தை விவரித்து எழுதினால் உங்கள் பெயரோடு அது என்.டி.எஸ்.பி.க்கும் எஃப்.ஏ.ஏ.வுக்கும் போகலாம். ஐந்தாவதில் உள்ள கேள்விக்குப் பதில் தெரிந்தபின், வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். 10 நாள் அதற்குப் போதும்.

8. இன்சூரன்ஸும் விமானத்தை வெளியே எடுப்பதும்

அன்றே இரண்டு போன்: ஸ்கூலுக்கு ஒன்று, உங்கள் ரென்டர்ஸ் கம்பெனிக்கு ஒன்று. ஸ்கூலின் பாலிசி போதும் என்று இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். தாமதமாகச் சொன்னதையே காரணம் காட்டி மறுக்க இடமாகிவிடும். இன்சூரன்ஸ் சார்பில் சேதத்தை மதிப்பிடும் அட்ஜஸ்டர் சம்மதம் தரும்வரை யாருக்கும் பணம் கட்டாதீர்கள், எதிலும் கையெழுத்திடாதீர்கள். வயலிலிருந்து விமானம் எடுக்கும் கம்பெனிகள் தாமாகவே போன் செய்து அவசரப்படுத்தும். இறக்கைகளைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றுவது சில ஆயிரம் டாலர் வேலை. அதை ஏற்பாடு செய்ய வேண்டியது இன்சூரன்ஸ் பக்கம்.

செலவு பிரியும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். ப்ரொப்பெல்லர் தரையில் இடித்தால் லைகாமிங் நிறுவனத்தின் அறிவுறுத்தல்படி எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இடித்தபோது எஞ்சின் நின்றிருந்தாலும், ப்ரொப்பெல்லருக்குச் சின்னத் தேய்ப்பைத் தாண்டிய ரிப்பேர் தேவை என்றால் இது பொருந்தும். இடித்ததால் வந்த செலவை இன்சூரன்ஸ் ஏற்கும். பழுதுக்கு மூலகாரணமான வால்வையோ சிலிண்டரையோ மாற்றும் செலவு தேய்மானக் கணக்கில் உரிமையாளரிடம் போகும். அந்தத் தேய்மானச் செலவு உங்கள் பில்லில் வந்து உட்கார்ந்தால் கேள்வி கேளுங்கள். பராமரிப்பு ஸ்கூலின் பொறுப்பு.

விமானத்துக்குச் சேதமே இல்லை, வயலும் நீளம் என்றால் பறந்தே வெளியேறலாமா? வயல்காரர் அனுமதி, இன்சூரன்ஸ் கம்பெனியின் எழுத்துச் சம்மதம், பழுது சரியானதாக மெக்கானிக்கின் லாக்புக் பதிவு மூன்றும் வேண்டும். பழுதோடு அருகிலுள்ள ஒர்க்‌ஷாப் வரை கொண்டுபோக வேண்டுமென்றால் எஃப்.ஏ.ஏ.வின் சிறப்புப் பறப்பு அனுமதி தேவை. 8130-6 படிவம், அலுவலகத்தில் கட்டணமில்லை. தேசியப் பூங்காவுக்குள் இறங்கியிருந்தால் பூங்கா மேலாளரின் அனுமதியில்லாமல் எடுக்க முடியாது. எப்படியிருந்தாலும் வயலிலிருந்து கிளம்புவதை நீங்கள் செய்யாதீர்கள். அதில் பழகிய பைலட்டுகள் இருக்கிறார்கள்.

9. மறுபடி பறக்கும் முன்

எஞ்சின் கோளாறுதான் காரணம் என்று தெரிந்தால் எஃப்.ஏ.ஏ. பெரும்பாலும் அதோடு விட்டுவிடும். எரிபொருள் தீர்ந்தது காரணம் என்றால் கதை வேறு. பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் மிச்சம் வேண்டும் என்ற விதி இருக்கிறது. கூடுதல் பயிற்சி எடுக்கச் சொல்லலாம், மறுதேர்வுக்கும் அழைக்கலாம். அழைப்பு வந்தால் தள்ளிப்போடாமல், இன்ஸ்ட்ரக்டரோடு நன்றாகப் பயிற்சி செய்துவிட்டுப் போங்கள்.

யாரும் கேட்காவிட்டாலும் ஒரு இன்ஸ்ட்ரக்டரோடு சில மணி நேரம் பறப்பது நல்லது. எஞ்சின் சத்தத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் கை நடுங்கும். அது போகக் கொஞ்ச நாள் ஆகும்.

லாக்புக்கில் அந்தப் பயணத்தையும் எழுதுங்கள், விட்டுவிடாதீர்கள். அடுத்த இன்சூரன்ஸ் விண்ணப்பத்தில் முந்தைய விபத்துகள், சம்பவங்கள் பற்றிய கேள்வி வரும். மறைத்தால் பாலிசியே செல்லாமல் போகலாம். அதேபோல எஃப்.ஏ.ஏ. மெடிக்கல் படிவத்தில் கடந்த மூன்று ஆண்டில் பார்த்த மருத்துவர்கள் பற்றி ஒரு கேள்வி உண்டு. அன்று மருத்துவரைப் பார்த்திருப்பீர்களே, அதையும் தேதியோடு அதில் எழுத வேண்டும். தலையில் அடிபட்டதாக அவர் குறித்திருந்தால், அந்தக் குறிப்பின் பிரதியை இப்போதே வாங்கி வைத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போங்கள்.